சீப்பு நிறைய முடி

ஐயா,

கல்லூரிக்குப் போகும் என் மகளுக்குத் தலை வாரினால் சீப்பு நிறைய முடி வந்தது. எண்ணெயை மாற்றினோம், ஷாம்பூவை மாற்றினோம், பலனில்லை. ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து குறைவு என்று தெரிந்தது. எடை குறைய வேண்டுமென்று 3 மாதம் முன்பு பட்டினி வேறு கிடந்திருக்கிறாள். வயிற்றைக் காயப்போட்டால் இரண்டு, மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்டும். முடியே கெரட்டின் என்ற புரதம்தானே!

இப்போது மருத்துவர் தந்த மாத்திரையோடு முட்டை, முருங்கைக்கீரை, நெல்லிக்காய். அப்புறம் அவள் அப்பத்தா கிண்டும் கும்மாயம். வறுத்த உளுந்து மாவு கருப்பட்டிப் பாகில் சுருண்டு, நெய் பிரிந்து வரும்போது வீடே மணக்கிறது. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதையும் விட்டுவிட்டாள். அது இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது.

எங்கள் பகுதிக் கல்லூரிகளில் மாணவிகளுக்கு ரத்தசோகைப் பரிசோதனையை ஆண்டுதோறும் நடத்த வேண்டும்.

– ஒரு தாய், காரைக்குடி