செயலாளர் அறிக்கை: பாகவதரோடு ஓர் ஆண்டு

வந்திருக்கும் பெரியவர்களுக்கும் மற்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம். கட்டாயம் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு செயலவை ஆறு முறை கூடியது. அதில் இரண்டு முறை ஆள் போதாமல் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைந்தோம். சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டிய ஆண்டுப் படிவம் தாமதமாகத்தான் போனது, அது என் தவறு. பொங்கல், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்குக் கோப்பை கொடுத்தது எல்லாம் வழக்கம்போல. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

மற்றபடி இந்த ஆண்டு முழுக்க நம் மன்றத்தில் ஒரே ஆள்தான், அந்தக் காலத்தில் பாடி நடித்த தமிழ் சினிமாக் கதாநாயகர் எம். கே. தியாகராஜ பாகவதர். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டில் இவ்வளவு வேலை கிடக்க பாகவதர் எதற்கு என்று போன கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆரம்பித்தது தற்செயலாக. நம் உறுப்பினர் ஒருவர் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டைக் காலி செய்யும்போது, தாத்தாவின் தகரப் பெட்டிக்குள் ஒரு பழைய சாரோங்கில் சுற்றி ஒரு கிராமபோன் தட்டு கிடைத்தது. ஓரத்தில் நகக்கண் அளவு உடைந்திருக்கிறது. நடுவில் ஒட்டிய தாளில் பாகவதர் பேர் தெரிகிறது, பாட்டின் பேரை ஈரம் தின்றுவிட்டது. அதை அவர் மன்றத்துக்கே கொடுத்துவிட்டார். சரி, தட்டு வந்தாயிற்று, ஆளைப் பற்றியும் பேசலாமே என்று அவர் பிறந்த நாளான மார்ச் 1இல் முதல் கூட்டம் போட்டோம்.

அன்று ‘ஹரிதாஸ்’ போட்டுக் காட்டினோம். வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கி முதல் அரைமணி நேரம் விசில்தான் அடித்தது, பிறகு ஒருவழியாகப் பாடத் தொடங்கியது. 1944 தீபாவளிக்கு வந்த படம், சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. அந்தத் தீபாவளிக்கு நம் ஆட்கள் இங்கே ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்தார்கள், படமாவது கிடமாவது! சண்டை ஓய்ந்து சில வருஷம் கழித்துத்தான் தோட்டத்துத் திடலில் இதைக் காட்டினார்களாம். சொன்னது நம் 88 வயதுப் பெரியவர். கோல் கம்பம் இரண்டுக்கும் நடுவே வெள்ளைத் துணி கட்டியிருந்தார்கள், முன்பக்கம் இடமில்லை, இவரும் நாலைந்து பொடியன்களும் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். பாகவதர் குதிரையில் பாடிக்கொண்டே வருவாரே, அந்தக் குதிரை தனக்கு எப்போதும் எதிர்ப்பக்கமாகவே ஓடிக்கொண்டிருந்தது என்றும், நேர்ப்பக்கமாக இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றும் சொன்னார். அப்புறம் ‘மன்மத லீலையை வென்றார் உண்டோ’ வந்ததும் அவர் பேசவில்லை, நாற்காலியின் கைப்பிடியில் தாளம் மட்டும் ஓடியது.

இரண்டாவது கூட்டம்தான் சூடு. பாகவதரின் வாழ்க்கைக் கதையை ஓய்வுபெற்ற ஆசிரியை அக்கா ஒருவர் தயார் செய்து வந்திருந்தார். மாயவரத்தில் 1910இல் பிறந்து, திருச்சியில் வளர்ந்து, நாடகத்தில் பாடிப் பேர் வாங்கி, 1934இல் ‘பவளக்கொடி’யில் சினிமாவுக்கு வந்தவர். ‘சிந்தாமணி’, ‘அம்பிகாபதி’, ‘அசோக் குமார்’, ‘சிவகவி’ என்று வரிசையாக ஓடின. தோளில் புரளும் அந்த முடிக்கே பாகவதர் கிராப் என்று பேர். தங்கத் தட்டில் சாப்பிட்டவர் என்று நம் பாட்டிமார் இன்னமும் சொல்வார்கள். ‘ஹரிதாஸ்’ ஓடிக்கொண்டிருந்தபோதே, அந்த நவம்பரில், நடிகர்களின் அந்தரங்கத்தை எழுதிக் காசு பார்த்த ‘இந்து நேசன்’ பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் சென்னையில் கத்திக்குத்துப் பட்டு மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். டிசம்பரில் பாகவதரைப் பிடித்தார்கள், நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனையும் பிடித்தார்கள். 1945இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. உயர்நீதிமன்றம் கைவிட்டது. வழக்கு அப்போதைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றவாளிகள் அல்ல என்று விடுதலை ஆனார்கள்.

இதைச் சொல்லி முடித்ததும், அந்த வழக்குதான் அவரைக் கொன்றது என்று முன்வரிசை முழுக்க ஒரே குரல். அக்கா விடவில்லை. ஒரே வழக்கு, ஒரே ஜெயில், ஒரே நாளில் விடுதலை, அப்புறம் கலைவாணர் மட்டும் எப்படி ‘நல்லதம்பி’, ‘மணமகள்’ என்று எழுந்து நின்றார் என்று கேட்டார். முன்வரிசை சத்தத்தைக் காணோம்.

நான் அக்கா பக்கம்தான். கலைவாணருக்குக் கூடவே நடித்த மனைவி மதுரம் அம்மா இருந்தார். சிரிப்புக்கும் வயசு இல்லை. பாகவதரின் பலமெல்லாம் குரல், காதலன் வேஷம், பாட்டு மேல் பாட்டு. அவர் உள்ளே இருந்த காலத்தில் பாடத் தெரியாதவனும் கதாநாயகன் ஆகலாம் என்று ஆகிவிட்டது, பின்னணிப் பாட்டு வந்துவிட்டதே. அவருடைய ‘அமரகவி’ வந்த அதே 1952இல்தான் ‘பராசக்தி’யும் வந்தது, ஊர் முழுக்க வசனம் பேச ஆரம்பித்துவிட்டது. ரப்பர் பால்மரம் நன்றாகப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே தோட்டத்தை எண்ணெய் தரும் செம்பனைக்கு மாற்றுகிறான் என்றால், மரத்தின் மேல் குற்றம் இல்லையே. ஆனாலும் முன்வரிசைப் பெரியவர்கள் சொன்னதில் ஒன்றை நான் மறுக்க மாட்டேன். இரண்டரை வருஷம் ஜெயிலில் போட்டுவிட்டு நீ நிரபராதி, போய் வா என்றால் எந்த மனுஷனுக்கும் நெஞ்சு பழையபடி இருக்காது.

விடுதலைக்குப் பிறகு வந்த முதல் படம் ‘ராஜமுக்தி’, ஓடவில்லை. அது 1948. நம் ஊர்க்காரர்களுக்கு அந்த வருஷம் மறக்காது, ஜூனில் இங்கே மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டுத்தான் கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் அறிவித்த அவசரகாலம் பிறந்தது. தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். அங்கே அவர் படத்துக்கு ஆள் இல்லை, இங்கே ராத்திரி வெளியே போகவே வழி இல்லை.

கடைசிக் காலத்தில் சர்க்கரை வியாதி, கண் பார்வையும் போயிற்று. கச்சேரி மட்டும் விடவில்லை. 1959 நவம்பர் 1, சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். ஐம்பது வயது கூட ஆகவில்லை. அவருடைய நினைவு நாளில் மூன்றாவது கூட்டம் வைத்தோம், மழை, வந்தவர்கள் பதினோரு பேர். வந்ததில் ஒரு படிவம் ஐந்து (இடைநிலைப்பள்ளி) மாணவி ‘கிருஷ்ணா முகுந்தா முராரே’ பாடினாள். யாரிடம் கற்றாய் என்றால், அம்மாச்சி பாடுமே, அது சாமிப் பாட்டுதானே என்கிறாள். படப்பாட்டு என்றே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. ‘ஹரிதாஸ்’ பாட்டு, எழுதியது பாபநாசம் சிவன் என்று அக்கா சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஆண்டுக்கு என்.எஸ்.கே. வேண்டும் என்று ஒரு தரப்பும் அதே காலத்தில் பாடி நடித்த பி. யு. சின்னப்பா வேண்டும் என்று இன்னொரு தரப்பும் கேட்டிருக்கிறது. கூட்டம் முடிவு செய்யட்டும். ஒலிபெருக்கியை மட்டும் வேறு இடத்தில் எடுப்போம்.

கடைசியாக அந்தத் தட்டு விஷயம். கிராமபோன் பெட்டி ஒன்றை உறுப்பினர் ஒருவர் ஈப்போவிலிருந்து இரவலாகக் கொண்டு வந்திருக்கிறார். சாவி சுற்றினால் ஓடுகிறது, ஊசி இல்லை. தையல் ஊசியை வைத்துப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னவர் பேரை இங்கே எழுதவில்லை. யார் வீட்டுப் பழைய பெட்டியிலாவது கிராமபோன் ஊசி கிடந்தால் கொண்டு வாருங்கள், அதில் என்ன பாட்டு இருக்கிறது என்று இன்னும் எங்களுக்குத் தெரியாது.

செயலாளர்