ஏடு தேடியவர்களிடமிருந்து தொடங்கும்

அன்புள்ள மருமகளுக்கு,

நிலாவெளியில் பாடசாலை நூலகத்தைப் பொறுப்பேற்றிருப்பதாகவும், வாசிப்பின் மீதே பிள்ளைகளுக்கு ஆசை வரச் செய்யும் நூல்கள் எவையென்றும் எழுதிக் கேட்டிருந்தீர். முதலில் உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நூலை எடுத்து வையும்.

தடித்த நூல், முதற்பக்கத்திலிருந்து வாசிக்கச் சொன்னால் பிள்ளைகள் மலைத்துப் போவார்கள். 'என்ன பிரயோசனம்?' என்ற அத்தியாயத்தை நீரே உரக்க வாசித்துக் காட்டும். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்த சேலம் இராமசுவாமி முதலியார், அங்கே கல்லூரித் தமிழாசிரியராயிருந்த இருபத்தைந்து வயது சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று இவர் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் முகத்தில் வியப்பே இல்லை. சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். படித்ததில்லை. அதன்பின் ஓலை ஏடுகளைத் தேடியும், பாடங்களை ஒப்பிட்டும், சமணர்களிடம் சென்று ஐயம் தெளிந்தும் அந்நூலை அவர் அச்சிட்டு முடித்தபோது 1887 ஆகிவிட்டது. உவர்மலை வீட்டில் பதினாறு வயதில் இதை வாசித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அதே 1887இல்தான் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்தார். ஏட்டை எடுக்கும்போதே ஓரம் உதிர்வதையும், கட்டை அவிழ்க்கும்போது இதழ் முறிவதையும், எழுத்துகளைப் பூச்சி நாற்புறமும் உழுதுபோட்டிருப்பதையும் அதன் பதிப்புரையில் அவர் சொல்லும் இடத்தை என்னால் இன்றும் நிதானமாக வாசிக்க முடிவதில்லை. 1990இல் இடம்பெயர்ந்த நாங்கள் திரும்பி வந்து என் தந்தையாரின் அலுமாரியைத் திறந்தபோது, கையில் எடுத்த புத்தகம் கறையான் மண்ணாய்க் கொட்டியது.

இவர்களெல்லாம் வேறு ஊரார்தானே என்று பிள்ளைகள் கேட்டால், 1895இல் 'மோகனாங்கி' நாவலை வெளியிட்ட தி. த. சரவணமுத்துப்பிள்ளை நம் திருகோணமலையில் பிறந்து, சென்னையில் சுவடி நூலகத்தில் பணியாற்றியவர் என்று சொல்லும்.

உயர்வகுப்புப் பிள்ளைகளுக்கு ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' தமிழிலும் கிடைக்கும். நூல்களை எரிக்கும் நாட்டில் சிலர் ஆளுக்கொரு நூலை மனப்பாடமாய்ச் சுமந்து திரிவதைச் சொல்லும் கதை அது; 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதை அறிந்த பிள்ளைகளுக்கு வெறும் கற்பனையாகத் தோன்றாது.

என்னிடமுள்ள 'என் சரித்திரம்' பிரதியின் கட்டுக் கழன்றிருக்கிறது. புதிதாகக் கட்டுவித்துத் தைப்பொங்கலுக்கு முன் கொண்டுவந்து தருகிறேன். அதைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டாமல், பிள்ளைகளுக்கு இரவல் கொடும்.

அன்புடன்,
மாமா