வாசலுக்கு வராமலே துண்டிக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டு மின் அளவைத் தானாகவே பதிவு செய்து அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் வந்தால், யாரும் போன் செய்யாமலே எங்கே கரண்ட் போயிருக்கிறது என்று மின்வாரிய அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும், மாடியில் சோலார் போட்டவர் திருப்பி அனுப்பும் மின்சாரத்துக்கும் சரியான கணக்கு நிற்கும், நல்லதுதான். ஆனால் 15 அல்லது 30 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகும் அளவை வரிசையாகப் பார்த்தாலே, வீட்டில் எப்போது எழுந்தார்கள், எத்தனை நாள் வீடு பூட்டிக் கிடந்தது என்பதெல்லாம் தெரிந்துவிடுமே? நெதர்லாந்தில் 2009-ல் இந்தக் கவலையால்தான் மீட்டரைக் கட்டாயமாக்கும் சட்டம் மேலவையில் நின்றுபோனது.

அப்புறம், கணினியில் இயங்குவதை வெளியாட்களும் இயக்கிவிடலாம் என்பதற்கு உக்ரைன் ஓர் உதாரணம். 2015 டிசம்பரில் அங்கே மின் விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் ஹேக்கர்கள் புகுந்தார்கள், ஊழியர்கள் கண்ணெதிரே திரையில் மவுஸ் தானாக நகர்ந்து துணை மின்நிலையங்களை அணைத்தது, சுமார் 2,25,000 இணைப்புகள் இருண்டன. ஆட்கள் நேரில் போய்க் கையால் சுவிட்ச் போட்டுத்தான் மின்சாரம் திரும்பியது.

எனக்கு இதைவிடப் பெரிய பயம், தொலைவிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கும் வசதி. லைன்மேன் வாசலுக்கு வந்தால், உள்ளே ஒரு பாட்டி ஆக்சிஜன் கருவியோடு படுத்திருப்பதைப் பார்ப்பார், கை தயங்கும். கம்ப்யூட்டருக்கு அது எப்படித் தெரியும்? மருத்துவக் கருவி ஓடும் வீடுகளைத் துண்டிப்புப் பட்டியலில் சேர்க்கவே கூடாது என்று முதலில் விதியில் எழுதுங்கள், பிறகு மீட்டரை மாட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்