கடத்தல்காரனுக்கும் கட்டுப்படியாக வேண்டாமா? கேம் உருவாக்குபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம். விண்வெளியில் கப்பல் ஓட்டிச் சரக்கு விற்கும் கேம்களை உருவாக்குகிறவர்களுக்கு, அதிலும் விலைப்பட்டியல் போடும் புண்ணியவான்களுக்கு, இந்தக் கடிதம். 1984ல் வந்த எலைட் என்ற கேமிலேயே போதைப்பொருளும் ஆயுதமும் தடைசெய்த சரக்குதான், ஏற்றிக்கொண்டு கிளம்பினால் போலீஸ் கண்ணில் படுவோம். அப்புறம் வந்த பல கேம்களும் கடத்தலை ஒரு தொழிலாக டிரெய்லரில் காட்டின. உள்ளே போய்ப் பார்த்தால், கணக்குப் போடத் தெரிந்த யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

போட்டே காட்டுகிறேன். நேர்வழியில் 100 டன் ஏற்றினால் நடைக்கு 50,000 கிரெடிட் (கேமுக்குள் ஓடும் காசு) லாபம் நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடத்தல் சரக்கை டன் 1,000க்கு வாங்கி 1,800க்கு விற்கலாம், லாபம் 80,000. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்தில் ஒரு நடை, போலீஸ் சரக்கைச் சோதிக்கும் ஸ்கேனில் மாட்டுகிறது, மாட்டினால் போட்ட முதல் 1,00,000 பறிமுதல், மேலே 50,000 அபராதம். ஆக ஐந்து நடையில் 3,20,000 வந்து 1,50,000 போக, கையில் நிற்பது 1,70,000. நேர்வழிக்காரர் அதே ஐந்து நடையில் கொட்டாவி விட்டுக்கொண்டே 2,50,000 பார்த்துவிடுவார். அபராதத்தையே எடுத்துவிட்டாலும் நமக்கு 2,20,000தான். சுற்றுவழியில் போன நேரத்தையும் ஒளிந்து கிடந்த நேரத்தையும் நான் இதில் சேர்க்கவே இல்லை.

சரி என்று உடனே விலையை ஏற்றிவிடாதீர்கள். அதே எலைட் வரிசையில் பின்னால் வந்த எலைட் டேஞ்சரஸில் ரொபிகோ என்ற ஒரே இடத்துக் கடத்தல் மிஷன்கள் அள்ளிக் கொடுத்த காலத்தில் கூட்டம் கூட்டமாக அங்கேதான் போய் நின்றார்கள், பிறகு அந்தக் கூலியைக் குறைக்க வேண்டி வந்தது. மிஷன் கொடுப்பவர் தரும் கூலி அது. சந்தையில் பிறந்த லாபம் இல்லை, அதனால்தான் அதைக் கூட்டுவதும் குறைப்பதும் தவிர வேறு வழி இருக்கவில்லை.

கடத்தலில் லாபம் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். 18ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் தேயிலை தடைசெய்த பொருளே இல்லை, எல்லோரும் குடித்ததுதான். அதன் மேல் 119% வரி இருந்தவரை கள்ளத் தேயிலை கொழித்தது, 1784ல் வரியை 12.5% ஆக இறக்கியதும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. வரியும் தடையும் உண்டாக்கும் விலை வித்தியாசம்தான் கடத்தல்காரனின் சம்பளம். ஸ்டார்செக்டர் இதைப் புரிந்துகொண்ட கேம்: வெளிச்சந்தையில் 30% சுங்கம், கள்ளச்சந்தையில் சுங்கமே கிடையாது, ஆனால் அங்கே விற்க விற்க உங்கள் மேல் சந்தேகம் ஏறும். சாதாரண உணவுச் சரக்கைக்கூட கடத்தத் தோன்றும். உங்கள் கேமிலும் 'தடைசெய்தது' என்று சிவப்பு முத்திரை குத்திய நாலு பொருளை விட்டுவிட்டு, ஒவ்வொரு அரசுக்கும் தனித்தனி வரி வையுங்கள். போர் வந்தால் ஏறட்டும், முற்றுகை போட்டால் மருந்தும் எரிபொருளும் தங்க விலைக்குப் போகட்டும்.

எல்லோரும் கடத்த வந்துவிடுவார்களே என்ற பயம் நியாயமானது. அதற்குக் கள்ளச்சந்தையின் கொள்ளளவைச் சிறியதாக வைத்தால் போதும். 20 டன்னுக்கு மேல் இறக்கினால் விலை சரியட்டும். பெரிய சரக்குக் கப்பல்காரருக்கு அது தேவைப்படாது, சின்ன வேகக் கப்பல் வைத்திருப்பவருக்குப் பிழைப்பு கிடைக்கும்.

அப்புறம் அந்த ஸ்கேன். அது பகடை உருட்டுவதாக இருக்கும்வரை என்ன விலை வைத்தாலும் எரிச்சல்தான். ரோந்து எப்போது, எந்தப் பக்கம் வருகிறது என்று கவனித்துத் தப்ப வழி இருக்க வேண்டும். மாட்டப் போகிறோம் என்று தெரிந்தால் சரக்கை வெளியே தள்ளிவிட்டு, பிறகு வந்து எடுத்துக்கொள்ள முடிய வேண்டும். அந்தக் காலத்து ஆங்கிலக் கடத்தல்காரர்கள் சாராயப் பீப்பாய்களைக் கல் கட்டிக் கடலில் இறக்கிவிட்டு, அதிகாரிகள் போன பிறகு இழுத்தார்கள். நீங்களோ வெளியே தள்ளிய பெட்டியைச் சில நிமிடங்களில் மாயமாக்கிவிடுகிறீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே பேட்ச்சில், அதாவது ஒரே அப்டேட்டில், கேட்கவில்லை. முதலில் அந்தப் பெட்டி மிதக்கும் நேரத்தை ஒரு நாளாக்குங்கள், வரியை அடுத்ததில் பார்க்கலாம்.