பீஸ் கட்டை

அஸ்தம்பட்டி, சேலம்
ஏப்ரல் முதல் வாரம்

அன்புள்ள பங்காளி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை. ஒரு பேயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சிரிக்காதே. தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது சொன்னேனே, ஏற்காட்டுக் கதை, அதை ஒருவழியாக முடித்துவிட்டேன்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மூட்டுவலி அப்படியேதான். நம் செவ்வாய்ப்பேட்டைக்காரர் நலம். வெள்ளி விலை ஏறிய ஏற்றத்தில் அவர் பட்டறையில் வேலை பாதியாகிவிட்டது. மனுஷன் பொழுது சாயும் முன்பே வீட்டுக்கு வந்துவிடுகிறார். அவருக்கு நஷ்டம், எனக்கு லாபம்.

கதைக்கு முதல் கேட்பாளர் அவர்தான். முதல் வரைவில் வழக்கமான பேயைத்தான் போட்டிருந்தேன். நடுராத்திரி, பனி, ஜல் ஜல் என்று கொலுசுச் சத்தம். கண்ணை மூடிக் கேட்டவர், "முத்து ஜாஸ்தி வெச்ச கொலுசு. எடை நூத்தம்பது கிராம் வரும். பத்தவெச்சது சரியில்ல, அதான் இப்படிச் சத்தம் போடுது" என்றார். சேலத்தில் கொலுசை வைத்து ஒருத்தரையும் பயமுறுத்த முடியாது என்று அன்றைக்குப் புரிந்தது. வெள்ளைப் புடவையையும் கொலுசையும் சேர்த்து அடித்துவிட்டேன்.

இப்போது என் பேய் ஒரு எஸ்டேட் கணக்குப்பிள்ளை. காக்பர்ன் என்ற கலெக்டர் 1820களில் சேர்வராயன் மலைக்குக் காப்பி கொண்டுவந்தார் அல்லவா, அதற்கு அறுபது வருஷம் கழித்து, இருபத்தேழு வயதில் மழையில் சறுக்கி விழுந்து செத்தவன். எதிரே உயிரோடு இருப்பவன் முப்பத்துநாலு வயது லைன்மேன். ஒரு பழைய பங்களாவில் வாரம் தவறாமல் கரண்ட் போகிறது. அவனும் இருபது கொண்டை ஊசி வளைவையும் பைக்கில் ஏறி வந்து பார்க்கிறான். லைனில் ஒரு கோளாறும் இல்லை. பீஸ் கட்டையை மட்டும் யாரோ பிடுங்கி, துடைத்து, மேஜைமேல் வைத்திருக்கிறார்கள். ஏழாவது தடவை அவனுக்குச் சந்தேகம் வருகிறது. எட்டாவது தடவை பீஸ் கட்டைக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் காப்பி. தொட்டால் சில்லென்று இருக்கிறது.

பேய்க்கு அவனைப் பார்க்க வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

நீ எழுதியிருந்தாய், "இந்தக் காலத்திலும் எதுக்குடா பேய்? இன்னும் மறைஞ்சுதான் நிக்கணுமா?" என்று. அப்படி அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே. பேய் எனக்கு உருவகம் இல்லை, பேய் பேய்தான். நம்மைப்போன்ற ஆட்களைப் பற்றி நான் படித்த கதைகளில் பாதி தூக்குக் கயிற்றில் முடிகின்றன, மீதி டாக்டரிடம் போகின்றன. ஏற்கனவே செத்தவனைக் காதலனாக வைத்துக்கொண்டால் அந்த வேலை முடிந்துவிட்டது பார். சாவைப் பற்றிய கவலை இல்லாமல் சிரிக்கலாம், கட்டிப்பிடிக்கலாம். நம் தமிழய்யா எட்டு மெய்ப்பாட்டை மனப்பாடம் பண்ண வைத்தாரே, நகை, அழுகை என்று தொடங்குமே, அதில் நகையும் அச்சமும் உவகையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான் எனக்குப் படுகிறது. பயந்தாலும் மயிர் சிலிர்க்கிறது, ஆசை வந்தாலும் சிலிர்க்கிறது. கையைப் பார்த்தால் எது எதென்று தெரியாது.

இடமும் இலக்கணப்படிதான். மலை குறிஞ்சி நிலம், அதற்கு உரிப்பொருள் புணர்தல், சிறுபொழுது யாமம். பேய் மட்டும் என் சொந்தச் சரக்கு. அகப்பாட்டில் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் சொல்லக் கூடாது என்று விதி உண்டே, நானும் பெயர் வைக்கவில்லை. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். தலைவன், தலைவி என்றால் அவன், அவள் என்று எழுதிப் போய்விடலாம். என் கதையில் இரண்டு பேரும் அவன். "அவன் அவனைப் பார்த்தான். அவன் சிரித்தான்." எவன் சிரித்தான்?

தமிழே ஒரு வழி காட்டியது. பேய் அஃறிணை. "அது வந்தது, அது நின்றது" என்று கதையின் பாதிவரைக்கும் ஓட்டிவிட்டேன். பேயும் பழைய ஆள் என்பதால் லைன்மேனை "நீர்" என்கிறது. அவன், வயசுக்கு மரியாதை கொடுத்து, "நீங்க" என்கிறான். நூற்றுச் சொச்சம் வருஷம் மூத்தவர், ஆனால் பார்க்கத் தம்பி மாதிரி, பாவம் அவனும் என்ன செய்வான். பிறகு ஒரு ராத்திரி, தொழில் பழக்கத்தில், டெஸ்டரை எடுத்து அந்த வெளுத்த மணிக்கட்டில் வைக்கிறான். டெஸ்டர் எரிகிறது.

"தொட்டா ஷாக் அடிக்குமா?"

"தெரியவில்லை. இதுவரை யாரும் தொட்டுப் பார்த்ததில்லை."

அந்த வரியில்தான் அது அவனாகிறது. அதற்கப்புறம் எல்லாம் அவன்தான், நீதான். படுக்கையில் யார் கை யார் தோளில் என்று எழுதிய நானே விரல் வைத்துப் படிக்க வேண்டியிருந்தது. திருத்தத்தான் நினைத்தேன். அந்த நேரத்தில் அவர்களுக்கே தெரியாது, படிக்கிறவனுக்கு எதற்குத் தெரியணும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

அந்தக் காட்சியைப் பற்றிக் கேட்டாயே, சொல்கிறேன். உறுப்புகளின் பெயர் எதுவும் வராது. கூச்சம் காரணம் இல்லை, சொல் இல்லை. ஒரு பக்கம் வசவு, இன்னொரு பக்கம் வைத்தியம். 2022இல் அரசு நமக்கெல்லாம் கண்ணியமான சொற்பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது, நல்ல காரியம்தான். ஆனால் அரசிதழ்ச் சொல்லை வைத்துக்கொண்டு யாரும் முத்தம் கேட்க முடியாது. அதனால் மலைப்பாதையைக் கடன் வாங்கினேன். லைன்மேன் குப்புறப் படுத்திருக்கிறான். ஜன்னல் வழியாகப் பனி வந்து முதுகில் படிகிறது. கணக்குப்பிள்ளை, தொழில் புத்தி விடுமா, பிடரியில் தொடங்கி ஒரு குளிர்ந்த விரலால் வளைவுகளை எண்ணிக்கொண்டே இறங்குகிறான். இருபது, பத்தொன்பது, பதினெட்டு. விரல் போன இடம் சில்லிட்டு, அது நகர்ந்ததும் சூடாகிறது. ஐந்தாவது வளைவில் லைன்மேன் மூச்சு தடுமாறுகிறது. "அடிவாரம் இன்னும் எவ்வளவு தூரம்?" என்கிறான். "அவசரமாக இறங்கினால் விபத்து" என்கிறது பதில். எச்சரிக்கைப் பலகையை இப்படிப் பயன்படுத்தலாம் என்று நெடுஞ்சாலைக்காரர்களுக்குத் தெரியாது.

அப்புறம் சட்டம் பேசுகிறார்கள், சிரிக்கத்தான். 1860இல் எழுதிய சட்டப் பிரிவு 377, ஆணும் ஆணும் கூடினால் குற்றம் என்றதே, அது என்ன ஆயிற்று என்று கணக்குப்பிள்ளை விசாரிக்கிறான். 2018 செப்டம்பர் 6ஆம் தேதி, மனமொத்த பெரியவர்களுக்கு அது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாக லைன்மேன் சொல்கிறான். "கல்யாணம்?" "அது 2023ல கேட்டுப் பார்த்தாங்க, கிடைக்கல." "போகட்டும். ரேஷன் கார்டில் என்னை எப்படிச் சேர்ப்பாய்?"

ஒரு பத்திரிகைக்கு அனுப்பிப் பார்த்தேன். ஆசிரியர் தங்கமான மனிதர், போனிலேயே பேசினார். பேய் பிரமாதம், கட்டில் காட்சிகூடக் கொஞ்சம் குறைத்தால் போதும், அந்த "அவன்" மட்டும் "அவள்" ஆகிவிட்டால் அடுத்த இதழிலேயே போட்டுவிடலாம் என்றார். "ஒரே ஒரு எழுத்துதானே சார், ன் எடுத்துட்டு ள் போடப்போறீங்க." செத்தவனோடு படுப்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை பார்!

திருப்பி வாங்கிக்கொண்டேன். ஃபார்ஸ்டர் என்ற ஆங்கிலக்காரர் இந்த மாதிரிக் கதைகளை எழுதிப் பூட்டியே வைத்திருந்தார். 1970இல் அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் புத்தகமாக வந்தன. எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நாற்பது பிரதி அச்சடித்து, கேட்கிறவர்களுக்குக் கொடுக்கப்போகிறேன்.

இதையெல்லாம்விட முக்கியமான சேதி ஒன்று இருக்கிறது. போன வாரம் நாங்கள் இரண்டு பேரும் மேலே போயிருந்தோம். ஒரு மழை பெய்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. காப்பிச் செடி முழுக்க வெள்ளை. மல்லிகைக் கடைக்குள் நடந்த மாதிரி வாசனை. தங்கியது பழைய ஓட்டு வீடு, சுவரில் இன்னும் பீங்கான் பீஸ் கட்டைதான். ராத்திரி சாப்பாட்டுக்கப்புறம் கதையின் கடைசி வரைவை வாசித்தேன். வளைவு எண்ணுகிற இடம் வந்ததும் அவர், "தண்ணி குடிச்சுட்டு வரேன்" என்று எழுந்து போனார். நான் நிறுத்தவில்லை, அடுத்த அறைக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன். பதினொன்றாவது வளைவில் கரண்ட் போயிற்று.

பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். எதிர் வீட்டில் விளக்கு எரிகிறது. தடவித் தடவி மீட்டர் பெட்டி வரைக்கும் போனேன். இருட்டில் மூச்சுச் சத்தம். கையை நீட்டினால் வேட்டி. இடுப்பு மடிப்பில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. பீங்கான்.

எங்களுக்கு இருபத்திரண்டு வருஷமாயிற்று பங்காளி. வீட்டு ஓனரம்மா காதில் விழக்கூடாது, பட்டறைப் பையன்கள் முன்னால் கூடாது என்று "நீங்க, வாங்க" போட்டுப் பழகி, வீட்டுக்குள்ளும் அதுவே நிலைத்துவிட்டது. அன்றைக்கு வாயில் தானாக வந்தது.

"ஏன்டா பிடுங்குனே?"

"நீதானடா எழுதுனே" என்றான்.

மறுநாள் காலை ஒன்பதரை வரைக்கும் பீஸ் கட்டையைத் திருப்பி மாட்டவில்லை.

மே மாதம் கோடை விழாக் கூட்டம் ஏறுவதற்குள் வந்து சேர். உன் பிரதியில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். தட்டுவடை செட் பார்சல் கேட்டிருந்தாய், அது பஸ்ஸில் வந்தால் நமத்துப்போகும், இங்கேயே வந்து சாப்பிடு.

உன்,
பங்காளி