பாக்கெட்ல சிகரெட் இருந்தும் பேரனை விரட்டுற தாத்தா

ஆசிரியருக்கு வணக்கம். டைரக்டர் கியாரோஸ்தமியோட 'நண்பனின் வீடு எங்கே' (1987) ஈரான் படத்தை எல்லாரும் குழந்தைங்க படம்னே சொல்றாங்க, எனக்கென்னவோ அதை முதல்ல அப்பா அம்மாங்களுக்குத்தான் போட்டுக் காட்டணும்னு தோணுது. கோக்கர் கிராமத்துப் பையன் அகமது தெரியாம ஃப்ரெண்டோட நோட்டை எடுத்துட்டு வந்துடுறான், இன்னொரு தடவை நோட்டுல எழுதாம வந்தா ஸ்கூலை விட்டே அனுப்பிடுவேன்னு வாத்தியார் அன்னிக்குத்தான் அந்த ஃப்ரெண்டை மிரட்டி அழவச்சிருக்காரு. நோட்டைத் திருப்பிக் கொடுக்கணும்னு அம்மாகிட்ட திரும்பத் திரும்ப சொல்லிப் பாக்குறான், அவங்க துணி துவைச்சுக்கிட்டே ஹோம்வொர்க் பண்ணு, தொட்டிலை ஆட்டு, ரொட்டி வாங்கிட்டு வா, இதேதான். பாவம் அவங்களுக்கும் தலைக்கு மேல வேலை, திட்ட மனசு வரல.

தாத்தா விஷயம் அப்படி இல்ல. பாக்கெட்ல சிகரெட் வச்சுக்கிட்டே பேரனை சிகரெட் எடுத்துட்டு வாடான்னு விரட்டுறாரு, கேட்டா அப்பதான் பையன் சொல்பேச்சு கேப்பானாம்! சின்ன வயசுல தன் அப்பா காசு கொடுக்க மறந்தாலும் அடி கொடுக்க மறந்ததில்லைன்னு பெருமை வேற. நோட்டோட ஃப்ரெண்டு வீட்டைத் தேடி பக்கத்து ஊர் போஷ்தே வரைக்கும் மலைமேட்டுல மூச்சுவாங்க ஓடுற பையனை நின்னு கேக்குறதுக்கு ஆளில்ல, கூடவே நடந்து வர்றது கதவு ஜன்னல் செய்யற ஒரு கிழவர் மட்டும்தான், அவரும் தன் கதையத்தான் பேசுறாரு.

நடிச்சவங்கள்ல நிறைய பேரு அந்தப் பக்கத்து ஜனங்க. 1990ல அங்க வந்த பூகம்பத்துக்கு அப்புறம் நடிச்ச பசங்க உயிரோட இருக்காங்களான்னு டைரக்டரே தேடிப் போனாரு, அந்தத் தேடல்ல இருந்து 1992ல இன்னொரு படமே வந்துச்சு. ரெண்டையும் சேர்த்து ஒரு ஞாயித்துக்கிழமை எழுதுங்க சார்.