செதுக்கியதல்ல, வளைத்தது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் ஜப்பானிய வடிவமைப்பாளர் சோரி யானகியைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நாற்காலி செய்கிறவர்களைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதுவதே அபூர்வம். அதற்கு நன்றி. ஆனால் அவருடைய பட்டாம்பூச்சி முக்காலியை ‘ஒரே மரத்துண்டைக் குடைந்து செதுக்கியது’ என்று போட்டுவிட்டீர்கள். முப்பது வருஷம் மரவேலை சொல்லிக்கொடுத்தவன் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

டோக்கியோவில் என் மகள் வீட்டில் அந்த முக்காலி ஒன்று இருக்கிறது. போன வருஷம் போயிருந்தபோது அதில் உட்காரச் சொன்னாள். நான் அதைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். தொழில் புத்தி, என்ன செய்ய! அடியில் ரகசியம் ஒன்றுமில்லை. அச்சில் வளைத்த இரண்டு பிளைவுட் துண்டுகள். இரண்டும் ஒரே அளவு, ஒரே வளைவு. ஒன்றுக்கு எதிரே மற்றதைத் திருப்பி வைத்துச் சேர்த்தால் இருக்கையும் ஆச்சு, காலும் ஆச்சு. மேலே சேருமிடத்தில் இரண்டு ஸ்க்ரூ. கால்கள் அகன்றுவிடாமல் குறுக்கே ஒரு பித்தளைக் கம்பி. அவ்வளவுதான். விளிம்பைக் கண்ணருகே கொண்டுபோனால் வெனீர் என்கிற மெல்லிய மரத்தகடுகளின் அடுக்குகள் கோடு கோடாகத் தெரிகின்றன.

திட மரத்தில் இந்த வளைவைச் செதுக்கினால் எங்கேயாவது ஓரிடத்தில் மரத்தின் நார் ஓடும் ரேகை குறுக்கே வெட்டுப்படும். ஆள் உட்கார்ந்ததும் அங்கேதான் பிளக்கும். மெல்லிய வெனீர்களுக்குப் பசை தடவி, அடுக்கி, அச்சுக்குள் அழுத்திச் சூடேற்றினால் ரேகையும் வளைவோடு சேர்ந்து ஓடும். பசை இறுகியபின் உருவம் அப்படியே நிற்கும்.

சொல்ல எளிது, செய்துபார்த்தால்தான் தெரியும். யமகட்டா மாகாணத்தில் டெண்டோ என்று ஓர் ஊர். 1940இல் அங்குள்ள தச்சர்கள் கூடி ஆரம்பித்த கூட்டுறவுதான் பிற்பாடு டெண்டோ மோக்கோ நிறுவனமானது. போர்க்காலத்தில் அவர்கள் செய்தது வெடிமருந்துப் பெட்டிகள். போருக்குப் பின் பிளைவுட் வளைப்பதில் கை தேர்ந்தார்கள். யானகி 1954இல் உருவாக்கிய வடிவத்தை உட்காரக்கூடிய பொருளாக்கியது அந்தப் பட்டறை. அங்கே தொழில்நுட்பம் பார்த்த சபுரோ இனுயின் பங்கு அதில் பெரியது. உங்கள் கட்டுரை ஒரு முழுப் பக்கம். 1957இல் மிலான் கண்காட்சியில் யானகி வாங்கிய தங்கப் பதக்கத்துக்கு ஒரு பெட்டிச் செய்தி வேறு. டெண்டோவுக்கு ஒரு வரி இல்லை.

வேறொருவர் கதையாக இருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது. யானகியின் தகப்பனார் யார்? பெயர் தெரியாத குயவர்களும் நெசவாளர்களும் செய்த அன்றாடப் பொருள்களில்தான் அழகு இருக்கிறது என்று ‘மிங்கே’ இயக்கத்தைத் தொடங்கிய முனேயோஷி யானகி. அவர் டோக்கியோவில் அமைத்த நாட்டுப்புறக் கைவினை அருங்காட்சியகத்துக்கு 1977 முதல் இயக்குநராக இருந்தவர் இந்த மகன். அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளையைத் தனியாக அறையில் உட்கார்ந்து உளி பிடித்த மேதையாகக் காட்டியிருக்கிறீர்களே!

இன்னொன்று. தமிழில் முக்காலி என்கிறோம், ஆனால் பட்டாம்பூச்சிக்கு மூன்று கால் இல்லை. அசல் முக்காலி, சோரி யானகியின் இன்னொரு இருக்கையான ‘யானை’தான். அதுவும் 1954இல் வந்தது. ஃபைபர் கிளாஸில் வார்த்தது, மூன்று தடித்த கால்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். தன் பட்டறையில் மாதிரி செய்யும்போது உட்கார ஒன்று வேண்டுமென்று உருவாக்கியது. படத்தைப் போட்டீர்கள், அடியில் பெயரைப் போடவில்லை.

மகள் வீட்டு முக்காலியில் ஒரு ஸ்க்ரூ லேசாகத் தளர்ந்திருந்தது. முறுக்கி நிமிர்த்தி வைத்தபிறகுதான் உட்கார்ந்தேன். திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் டெண்டோவின் பெயரையும் இனுயின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மரவேலைப் பயிற்றுநர்